ஏழு கை விஷ்ணு

தளுபாஹா முற்றத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: கோயிலுக்குள் நிற்கும் விஷ்ணு அசலா என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. கேட்டவர் எவரும் தண்டிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை. நாற்பது ஆண்டுகளாக ஒருவரும் கேட்காத காரணத்தால், கேட்கக் கூடாது என்பது தானாகவே நிலைபெற்றுவிட்டது.

இந்த விதியைப் பற்றிப் பேகாரத்னவின் கேமராவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, லலித்பூரில் மரபுச் சின்னங்களைப் படமெடுத்து இணையத்தில் பதிவேற்றும் அலுவலகத்தில், தலைவர் உர்மிளா கன்சாகார் தன் கணினித் திரையைப் பேகாரத்னவின் பக்கம் திருப்பினார்.

“பேகா, விஷ்ணுவுக்கு எத்தனை கை?”

“நாலு, மேடம்.”

“இதுல எண்ணிப் பாருங்க.”

பேகாரத்ன ஸ்தாபித் எண்ணினான். பிறகு பேனா முனையைத் திரையில் வைத்து மீண்டும் எண்ணினான்.

“ஏழு, மேடம்.”

“சங்கு?”

“ரெண்டு.”

“கீழ கருடன்?”

“கருடன் ஒண்ணுதான், மேடம்.” அவன் குரலில் சற்றே நிம்மதி தெரிந்தது. “ஆனா ரெண்டு மூக்கு.”

ஒரு சிலையைச் சுற்றி நானூறு படங்கள் எடுத்துக் கணினியிடம் ஒப்படைத்தால், அது அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தக்க முழு உருவமாக்கிக் கொடுக்கும். இடையில் பொருள் அசையக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. இதற்கு முன் ஒரு படித்துறையைப் பேகாரத்ன படமெடுத்தபோது, அங்கே உறங்கிக்கொண்டிருந்த நாய் பாதியில் எழுந்து போய்விட்டது. அந்தப் படித்துறையின் பதிவில் இன்றும் அரை நாய் படுத்திருக்கிறது. அவனுடைய ஆறு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதம் கையெழுத்தாகாமல் மேசையில் கிடந்ததற்கு அந்த அரை நாயே காரணம். ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் குறையில்லாத உருவம் ஒன்றை அவன் கொடுத்தாக வேண்டும்.

“‘என் மாமனார் முற்றம் மேடம், நம்ம வீட்டு வேலை மாதிரி முடிச்சுருவேன்’னு சொன்னது யாரு?”

“நான்தான், மேடம்.”

“நாய்தான் எந்திரிச்சுப் போகும். சாமியுமா போகும்?”

இக்கேள்விக்குச் சரியான விடை ‘ஆம்’ என்பது. அது பேகாரத்னவுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். பூசை முடிந்து, வெயில் நேராகக் கோயிலுக்குள் இறங்குவதற்கு முன்பாக, நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படமெடுக்க வாய்க்கும். எனவே ஞாயிறன்று முன்புறத்தையும் திங்களன்று பின்புறத்தையும் எடுப்பதாகப் பேகாரத்ன திட்டமிட்டான். ஞாயிறு வேலை முடிந்ததும் மாமனார் அஷ்டமான் ராஜ்கர்ணிகாரின் வீட்டில் அவலும் எருமைக்கறி வறுவலும் சாப்பிட்டான். அஷ்டமான் அந்த முற்றத்தின் மிட்டாய்க்காரர், அறுபத்திரண்டு வயது, ஜிலேபி போன்ற ஜேரியின் பாகுப் பதத்தைத் தவிர வேறெதிலும் பதற்றம் காட்டாதவர்.

“உலகம் பூரா பாக்கும் மாமா. எங்கயோ அமெரிக்காவுல உக்காந்துகிட்டு, நம்ம சாமி முதுகுல உளி பட்ட தடத்தைக் கூடப் பாக்கலாம்.”

“அவ்வளவு நுணுக்கமாவா மாப்ள?”

“அரை அரிசி அளவு கீறலும் தப்பாது.”

“அப்ப பழசு, புதுசுன்னு கூட...”

“படிச்சவங்க ஒரு நிமிஷத்துல சொல்லிருவாங்க.”

அஷ்டமான் தன் தட்டிலிருந்த அவலை அதற்குப் பிறகு தொடவில்லை.

லலித்பூரைச் சுற்றிய பள்ளத்தாக்கு முழுவதும் சாமி சிலைகள் காணாமல் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில், முற்றத்தின் அன்றைய மூத்தவர் அஷ்டமானின் தந்தையிடம் சிவப்புத் துணியில் சுற்றிய முழ உயரப் பொருள் ஒன்றைத் தந்திருந்தார். “அசல் இனிமே உங்க வீட்டுல இருக்கட்டும். கோயில்ல நிக்கிறது நகல். செத்தாலும் வாயத் திறக்காதீங்க” என்பது அவர் கட்டளை. தந்தை அதை மகனுக்குச் சொன்னார், செத்தார், வாய் திறக்கவில்லை. சிவப்புத் துணி மூட்டை சர்க்கரைப் பீப்பாய்களுக்குப் பின்னால் இருந்தது. இப்போது, நகலின் முதுகை உலகம் பார்த்துவிடப் போகிறது. அதுவும் தன் சொந்த மாப்பிள்ளையின் கைவண்ணத்தில்.

திங்களன்று விடியற்காலையில் அஷ்டமான் தோள்காவடியோடு புறப்பட்டார். ஒரு கூடையில் விஷ்ணு. எடை சமமாக இருப்பதற்காக மறுகூடையில் முள்ளங்கி. முறைவைத்துப் பூசை செய்யும் மூன்று வீடுகளில் அவருடையதும் ஒன்றாதலால் சாவி கையிலிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த நிலநடுக்கத்திற்குப் பின் பீடத்தில் சிலையைப் பூசிப் பதிக்காமல் சும்மா நிறுத்தியிருந்ததும் வசதியாயிற்று. வீட்டு விஷ்ணு உள்ளே போயிற்று. கோயில் விஷ்ணு சாக்குக்குள் வந்தது.

சாக்கை என்ன செய்வது என்பதில்தான் அவருக்குக் குழப்பம். அசல் இருந்த இடத்தில் நகலை வைக்க மனம் ஒப்பவில்லை. தூக்கி எறியவும் துணிவில்லை. அன்று பதினொரு மணிக்கு வீசிய காற்று அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. பேகாரத்னவின் விளக்குத் தாங்கி குடையோடு சாய்ந்து விழுந்தது.

“மாப்ள, இந்தாங்க. இதைத் தாங்கியோட கால்ல போட்டு வைங்க.”

“என்ன மாமா இது? நல்ல கனம்.”

“கல்லுதான்.”

அது பொய்யுமல்ல. தாங்கி அதன்பின் அசையவில்லை. வேலை முடிந்ததும் சாக்கை அங்கேயே விட்டுவிட்டுப் போக இருந்த பேகாரத்னவை, கோயில் படியோரம் பூ விற்கும் தீர்த்தமாயா தடுத்தாள். கல்தச்சர் வீட்டு மருமகள் அவள், ஐம்பத்தெட்டு வயது. சாக்கு வந்து இறங்கியபோது அதன் வாய் சற்றே விரிந்ததைப் பார்த்தவள்.

“அதை ஏன் வெளிய போடுறீங்க மாப்ள? எங்க வீட்டுல இருக்கட்டும். காலையில கொண்டாந்து தரேன்.”

அஷ்டமானின் மாப்பிள்ளை என்பதால் முற்றமே அவனை மாப்பிள்ளை என்றுதான் அழைத்தது.

“கல்லை யாரு அக்கா திருடப் போறா?”

“இந்த ஊர்ல கல்லைத்தான் திருடுவாங்க” என்றாள் தீர்த்தமாயா.

ஆக, ஏழு கைகள் உருவான வரலாறு இது.

செவ்வாயன்று உர்மிளா கன்சாகார் லென்ஸின் மீது பழியைப் போட்டு, வேறொன்றைக் கொடுத்து, முன்புறத்தை மீண்டும் எடுக்கச் சொன்னார். பேகாரத்ன முற்றத்துக்கு வந்து மறுநாளைக்கு அனுமதி கேட்டான். ஓய்வு மண்டபத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஹிரிகாஜி அமாத்ய, நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், தலையைத் தூக்கினார்.

“மறுபடியுமா? என்னய்யா கோளாறு?”

“தெரியல மாமா. சிலை ஒத்துவரலைங்குது கணினி.”

“ஒத்துவரலன்னா?”

“ஏதோ சரியில்லைன்னு கண்டுபிடிச்சிருச்சு.”

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே மூத்தவர் அவருடைய தந்தையிடமும் ஒரு சிவப்புத் துணி மூட்டையை, அதே கட்டளையோடு, தந்திருந்தார். கணினி நகலைக் கண்டுபிடித்துவிட்டது என்பதில் ஹிரிகாஜிக்கு ஐயமில்லை. புதன்கிழமை விடியலில், பூசை முறையால் தன்னிடமும் இருந்த சாவியோடு போய், அவர் தன் வீட்டு அசலைக் கோயிலில் வைத்தார். அங்கிருந்ததை நகல் என்று கருதி, பரணில் பழைய அளவைச் சங்கிலிகளோடு சேர்த்து வைத்தார்.

புதனன்று புது லென்ஸ் முன்புறத்தை மிகத் துல்லியமாகப் படம் பிடித்தது. அந்தப் படங்களைத் திங்களன்று எடுத்த பின்புறத்தோடு பொருத்தியபோது கைகள் ஐந்தாகக் குறைந்தன. இடுப்புகள் இரண்டாக உயர்ந்தன. முன்னேற்றமா, சரிவா என்று தீர்மானிக்க முடியாமல் பேகாரத்ன படங்களைக் கண்ணாலேயே ஒப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சங்கில் மூன்று சுழிகள். திங்கட்கிழமைச் சங்கில் இரண்டு. புதன்கிழமைச் சங்கில் நான்கு.

சிலையை யாரோ கையாள்கிறார்கள் என்ற முடிவுக்கு அவன் வந்தான். கோயிலுக்குப் புதிய பூட்டு வாங்கினான். சாவியை யாரிடம் கொடுப்பது என்று நெடுநேரம் யோசித்து, அந்த முற்றத்திலேயே ஐயத்துக்கு அப்பாற்பட்டவரான தலைமையாசிரியை ஞானதேவி ஜோஷியிடம் கொடுத்தான். தேர்வில் மாணவர்கள் காப்பியடிப்பதை மூன்று வரிசை தள்ளியிருந்தே பிடிப்பவர் அவர்.

“டீச்சர், இதை உங்களை நம்பித்தான் தரேன். யாரோ விளையாடுறாங்க.”

“என்கிட்ட விளையாட முடியாது.”

“நாளைக்கு எடுக்குறதுதான் கடைசி, டீச்சர். அதுதான் உலகத்துக்குப் போகும். அசலா போகணும்.”

“அசலா,” என்று ஞானதேவி மெல்லத் திருப்பிச் சொன்னார்.

“ஆமா டீச்சர்.”

“கவலைப்படாதீங்க. அசல்தான் போகும். அதுக்கு நான் பொறுப்பு.”

நேர்மையானவர்கள் வீட்டிலும் ஒரு சிவப்புத் துணி மூட்டை இருக்கக்கூடும் என்று பேகாரத்ன எண்ணியதில்லை. வியாழன் விடியலில் ஞானதேவி தன் பொறுப்பை நிறைவேற்றினார்.

அன்று பேகாரத்ன இன்னொரு விளக்கை இரவல் வாங்கி வந்து, முன்புறம், பின்புறம் என்று பிரிக்காமல், இடைவெளியின்றி நானூற்றுப் பன்னிரண்டு படங்களை ஒரே மூச்சில் எடுத்தான். பசித்தபோது விளக்குத் தாங்கியின் காலைவிட்டு நகராமல், சாக்கின் மேலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். ஜேரித் தட்டோடு வந்த அஷ்டமான் படியிலேயே நின்றுவிட்டார். நகலானாலும் நாற்பது ஆண்டுகள் கும்பிட்ட நகல்.

“மாப்ள... அது மேல உக்காராதீங்க.”

“ஏன் மாமா?”

அஷ்டமான் யோசித்தார். “ஈரம்” என்றார்.

“காஞ்சுதான் இருக்கு மாமா. ஜேரியை இப்படிக் கொடுங்க.”

அவர் கொடுத்தார். பேகாரத்ன உட்கார்ந்தபடியே, சாக்கில் ஒட்டியிருந்த ஒரு சாமந்திப் பூவைத் தட்டிவிட்டான்.

“அக்கா, உங்க பூ தினமும் என் சாக்குல வந்து விழுது.”

“விழல மாப்ள. வைக்கிறேன்” என்றாள் தீர்த்தமாயா.

“எதுக்கு?”

“பாரம் தாங்குதுல்ல.”

பூக்காரிகளின் நகைச்சுவை தனக்குப் புரிவதில்லை என்று எண்ணிக்கொண்டு அவன் ஜேரியைக் கடித்தான்.

அன்று மாலை கணினி அந்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒரு முரணுமின்றிப் பொருத்திக் கொடுத்தது. கைகள் நான்கு. சங்கு ஒன்று. மூக்கு ஒன்று. பேகாரத்ன மூன்று முறை எண்ணினான். பழைய படங்கள் ஒன்றிரண்டு தவறிப்போய் உள்ளே கலந்துவிட்டால் மீண்டும் ஐந்தாவது கை முளைக்குமென்ற அச்சத்தில், புதன், திங்கள், ஞாயிறு எனப் பின்னோக்கிப் போய், முந்தைய படங்கள் அனைத்தையும் அழித்தான். இது அந்த வாரத்தில் அவன் செய்த மிகவும் பொறுப்பான செயல் என்று அவனுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை நண்பகல், தளுபாஹா முற்றத்தில் வெள்ளைத் திரை கட்டப்பட்டது. விளக்குத் தாங்கிதான் திரையின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தது. அதன் காலடியில் வழக்கம்போல் சாக்கு. உர்மிளா கன்சாகார் வந்தார். அவர் பையிலிருந்து ஒப்பந்தக் கடிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. பேகாரத்ன அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊர்க்காரங்க பார்த்துச் சரின்னு சொல்லட்டும். உடனே வெளியிட்டுருவோம். அங்கயே உங்க கையெழுத்தும் ஆயிரும்.”

திரையில் விஷ்ணு மெல்லச் சுழன்றார். கைதட்டல் எழுந்தது. அது முடியும்போது, மூன்று பேர் மட்டும் கைதட்டவில்லை என்பது தெரிந்தது. பிறகு அது இரண்டு பேராயிற்று, ஞானதேவி தாமதமாகத் தட்டத் தொடங்கியதால்.

“கருடன் மூக்கு இப்படியா இருக்கும்?” என்றார் அஷ்டமான்.

“தாமரையில ஒரு இதழ் கூடுதலா இருக்கு” என்றார் ஹிரிகாஜி.

“எனக்குச் சரியாத்தான் தெரியுது” என்றார் ஞானதேவி.

இரண்டு ஆண்களும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“உங்களுக்கு மட்டும் எப்படி டீச்சர் சரியாத் தெரியுது?”

“தினமும் கும்புடுறேன். தெரியாதா?”

“நாங்க மட்டும் என்ன, பஸ் ஸ்டாண்டையா கும்புடுறோம்?”

உர்மிளா குறுக்கிட்டார். “எதுக்குச் சண்டை? சிலை இங்கதானே இருக்கு. போய்ப் பார்த்து ஒப்பிட்டுக்கலாம்.”

எல்லோரும் கோயில் கம்பிக் கதவருகே போனார்கள். உள்ளே நின்ற விஷ்ணுவும் திரையில் சுழன்ற விஷ்ணுவும் அச்சு அசலாக ஒன்று. கூட்டம் நிம்மதி அடைந்தது. அஷ்டமானின் முகம் மட்டும் பாகு முறிந்தது போலாயிற்று. தான் வைத்த விஷ்ணு அங்கே இல்லை.

“இது... நேத்து இருந்த மாதிரி இல்லையே” என்றார்.

“எந்த நேத்து?” என்று கேட்ட ஹிரிகாஜியும் கம்பியில் முகத்தைப் பதித்திருந்தார். தான் வைத்ததும் அங்கே இல்லை.

“எந்த நேத்துன்னா? நேத்துன்னா நேத்துதான். நீங்க எந்த நேத்தைச் சொல்றீங்க?”

“நான் எதையும் சொல்லலையே. நீங்கதான் மாதிரி இல்லைன்னீங்க.”

“நீங்கதான் இதழை எண்ணினீங்க!”

“அளவைத் துறைக்காரன் எண்ணத்தான் செய்வான்! மிட்டாய்க்காரன் எதுக்கு மூக்கைப் பாக்குறான்?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் மரியாதையா நில்லுங்க, சாமி சந்நிதி” என்றார் ஞானதேவி, வகுப்பறைக் குரலில்.

“சாவி யார்கிட்ட இருந்துச்சு டீச்சர்?”

ஞானதேவி முதன்முறையாகத் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் விதி உடைந்துவிடும் இடத்துக்கு மூவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

உர்மிளா கணினியை மூடினார்.

“பேகா, சாமியைத் தினமும் கும்புடுறவங்களே இது அது இல்லைங்குறாங்க. இதை எப்படி நான் வெளியிட? வேற படம் ஏதாவது இருக்கா?”

“இல்ல மேடம்.”

“புதன்கிழமை எடுத்தது?”

“அழிச்சிட்டேன்.”

“திங்கள்? ஞாயிறு?”

“கலந்துரக் கூடாதேன்னு... எல்லாத்தையும் அழிச்சிட்டேன் மேடம்.”

உர்மிளா, வெளியே தெரிந்த கடிதத்தின் ஓரத்தைப் பைக்குள் தள்ளிப் பொத்தானைப் போட்டார். அந்தப் பொத்தானின் சிறு ஓசை பேகாரத்னவுக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் இருந்தது சாக்கு ஒன்றுதான். அவன் அதன் மேல் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

படியோரத்தில் தீர்த்தமாயா எழுந்தாள். மடியிலிருந்த பூவிதழ்களைத் தட்டிவிட்டாள்.

“மேடம், கொஞ்சம் இருங்க. இவங்க மூணு வீட்டுலயும் ஒளிச்சு வச்சிருந்தது மூணுமே எங்க மாமனார் செதுக்கினது. கடுகெண்ணெய் தடவி, புகை போட்டுப் பழசாக்கினது நான். கல்யாணமாகி வந்த வருஷம் எனக்கு வேற வேலையே இல்ல. மூத்தவர் மூணு வீட்டுலயும் இதுதான் அசல்னு சொல்லிட்டு, அசலைக் கோயில்லயே விட்டுட்டாரு. நகல்னு எல்லாரும் நெனைக்கிற இடத்துல எவனும் கை வைக்க மாட்டான்னாரு. நாப்பது வருஷம் அது கோயிலை விட்டு நகரல, இந்தத் திங்கக்கிழமை வரைக்கும்.”

அஷ்டமான் தன் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கி, மிக மெதுவாக, இரு கைகளையும் கூப்பத் தொடங்கினார்.

“மாப்ள,” என்றாள் தீர்த்தமாயா, “மொதல்ல அந்தச் சாக்கு மேலேருந்து எந்திரிங்க.”